டொமைனில் சேர்ந்தது, ஆனாலும் எச்சரிக்கை வருகிறதே: சர்வர் எதைச் சொல்கிறது?

லினக்ஸ் சர்வர் ஒன்றை, சாம்பா மென்பொருளைக் கொண்டு, ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் சேர்க்கும் கட்டளையைக் கொடுக்கிறோம். நிறுவனத்தின் கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு அது. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது, கொடுக்கிறோம். சில நொடிகளில் சர்வர் டொமைனில் சேர்க்கப்பட்டுவிட்டதாக ஒரு வரி வருகிறது. அதற்குக் கீழேயே இன்னொரு வரி: இந்தச் சர்வருக்கு டிஎன்எஸ் டொமைன் அமைக்கப்படவில்லை, டிஎன்எஸ் பதிவைப் புதுப்பிக்க முடியவில்லை. (டிஎன்எஸ் என்பது கணினிப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் சேவை.) அப்படியானால் சேர்ந்ததா, சேரவில்லையா?

சேர்ந்துவிட்டது. எச்சரிக்கையும் உண்மைதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பது பிடிபடாததால் பலரும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். சர்வரை உடனே டொமைனிலிருந்து விலக்கி மறுபடி சேர்க்கிறார்கள். அதே எச்சரிக்கை திரும்ப வருகிறது. அப்புறம் அமைப்புக் கோப்பில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றத் தொடங்குகிறார்கள். டொமைனில் சேர்வதை ஒரே ஒரு செயலாக நினைப்பதால் வரும் வினை இது. உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் ஐந்தாறு வேலைகள். அவற்றில் எது அரைகுறையாக நின்றது என்பதைத்தான் எச்சரிக்கை சொல்கிறது. அது தெரிந்துவிட்டால், திருத்த வேண்டியது பெரும்பாலும் ஓரிரு வரிகளாகவே இருக்கும்.

சேரும்போது உள்ளே நடப்பது

ஆக்டிவ் டைரக்டரி 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000-உடன் வந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் என்டி டொமைன்கள் நெட்பயாஸ் என்ற பழைய பெயர் முறையை நம்பியிருந்தன. மைக்ரோசாஃப்ட் அதிலிருந்து நகர்ந்து, இணைய உலகில் ஏற்கெனவே ஊன்றிப்போயிருந்த மூன்று நெறிமுறைகளின் மேல் புதிய டொமைனைக் கட்டியது. ஆளைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ், அடையாளத்தை உறுதிசெய்ய கெர்பராஸ், விவரங்களைத் தேட எல்டாப். 1992-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய, லினக்ஸ் போன்ற கணினிகளை விண்டோஸ் நெட்வொர்க்கோடு பேசவைக்கும் சாம்பா, 2003-இல் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து இந்த டொமைன்களில் உறுப்பினராகச் சேரும் திறனைப் பெற்றது. 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பால் தானே ஆக்டிவ் டைரக்டரியின் டொமைன் கன்ட்ரோலராக, அதாவது டொமைனை நடத்தும் மையச் சர்வராக, இயங்கவும் முடிந்தது.

இந்தப் பழங்கதை இங்கே வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. நெட்பயாஸ் முழுவதும் போய்விடவில்லை. டொமைனுக்கு இன்றும் 'கார்ப்' என்பதுபோல ஒரு குறும்பெயர் இருக்கிறது, 'கார்ப்.எக்ஸாம்பிள்.காம்' என்பதுபோல ஒரு முழுப்பெயரும் இருக்கிறது. சர்வருக்கும் அப்படித்தான். எந்த இடத்தில் எந்தப் பெயர் கேட்கப்படுகிறது என்பதில் வரும் குழப்பமே எச்சரிக்கைகளில் கணிசமானவற்றுக்கு மூலம்.

சேர்க்கும் கட்டளை முதலில் டொமைன் கன்ட்ரோலரைத் தேடுகிறது. இந்த டொமைனுக்கு எல்டாப், கெர்பராஸ் சேவைகளைத் தருவது யார் என்று டிஎன்எஸ்ஸிடம் எஸ்ஆர்வி பதிவுகளைக் கேட்கிறது. பதில் வந்ததும் நிர்வாகியின் பெயரில் கெர்பராஸ் டிக்கெட், அதாவது அடையாளச் சான்று, வாங்குகிறது. அதைக் காட்டி, டைரக்டரியில் சர்வருக்கென்று ஒரு கணினிக் கணக்கை உருவாக்குகிறது. வேறு இடம் சொல்லாவிட்டால் அந்தக் கணக்கு கம்ப்யூட்டர்ஸ் என்ற பொதுப் பகுதிக்குள் போய் உட்காரும். கணக்குக்குத் தேவையான கடவுச்சொல்லைத் தானே உருவாக்கி, சீக்ரெட்ஸ் டிடிபி என்ற கோப்பில் சர்வருக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. இத்தோடு சேர்க்கை முடிந்தது. வெற்றி வரி திரையில் வருவது இந்தக் கட்டத்தில்தான்.

வேலை இன்னும் முடியவில்லை. இப்போதுதான் கிடைத்த கணினிக் கணக்கின் பெயரிலேயே மறுபடி உள்ளே நுழைந்து, தன் பெயரையும் ஐபி முகவரியையும் டிஎன்எஸ்ஸில் பதிய முயல்கிறது. பிறகு சாம்பாவின் விண்பைண்ட் சேவை ஓடத் தொடங்கியதும், டொமைன் பயனர் ஒவ்வொருவருக்கும் லினக்ஸுக்குப் புரியும் ஓர் எண்ணைத் தரும் வேலை நடக்கிறது.

வெற்றி வரிக்கு முன்னால் ஏதாவது தவறினால் அது பிழையாகவே வந்து வேலை நின்றுவிடும். கன்ட்ரோலரைக் காணவில்லை, கடவுச்சொல் தவறு, கடிகாரம் ஒத்துப்போகவில்லை என்பதெல்லாம் அந்த வகை. எச்சரிக்கைகள் வரும் இடங்கள் வேறு. அமைப்புக் கோப்பைப் படிக்கும்போது, அல்லது வெற்றி வரிக்குப் பின்னால். எந்த வரிக்கு மேலே வந்தது, எந்த வரிக்குக் கீழே வந்தது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் எச்சரிக்கையின் வாசகத்தை மட்டும் இணையத்தில் தேடினால், வேறு யாருடைய பிரச்சினைக்கோ எழுதிய தீர்வை நம் சர்வரில் போட்டுக்கொண்டிருப்போம்.

டிஎன்எஸ் எச்சரிக்கையும் ஹோஸ்ட்ஸ் கோப்பும்

முதலில் சொன்ன எச்சரிக்கைக்கு வருவோம். டிஎன்எஸ்ஸில் பதிய வேண்டுமானால் சர்வருக்குத் தன் முழுப்பெயர் தெரிந்திருக்க வேண்டும். புழக்கத்தில் உள்ள பெரும்பாலான சாம்பா பதிப்புகள் இதைக் கண்டுபிடிக்கும் விதம் எளிமையானது. 'ஃபைல்1' என்ற குறும்பெயரை இயங்குதளத்திடம் கொடுத்து, இதன் முறையான பெயர் என்ன என்று கேட்கின்றன. வரும் பதிலில் முதல் புள்ளிக்குப் பிறகு இருப்பதை டிஎன்எஸ் டொமைனாக எடுத்துக்கொள்கின்றன. பதிலில் புள்ளியே இல்லை என்றால் டொமைன் அமைக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு, தவறான அளவுரு என்ற பிழைக்குறியோடு அந்த வேலையைக் கைவிடுகின்றன. சாம்பாவின் அமைப்புக் கோப்பில் ரெல்ம் என்ற இடத்தில் டொமைனின் முழுப்பெயரைப் பெரிய எழுத்தில் எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் இந்த இடத்தில் அது உதவாது. இந்தக் கேள்வி அங்கே கேட்கப்படுவதே இல்லை.

இயங்குதளம் பதில் தேடும் முதல் இடம் பெரும்பாலும் இடிசி கோப்புறையில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பு. டெபியன், உபுண்டு நிறுவிகள் அதில் 127.0.1.1 என்ற முகவரிக்கு எதிரே சர்வரின் பெயரை எழுதி வைக்கும். நிறுவும்போது டொமைன் பெயர் கொடுக்காமல் தாண்டியிருந்தால், அங்கே 'ஃபைல்1' மட்டும்தான் இருக்கும். புள்ளி இல்லை, அதனால் எச்சரிக்கை. டொமைன் பெயர் கொடுத்திருந்தாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. 127 என்று தொடங்கும் முகவரிகள் சர்வருக்குள்ளேயே சுற்றுபவை. வெளியிலிருந்து யாரும் அதை வைத்து இந்தச் சர்வரை அடைய முடியாது.

சரியான வரி மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலில் சர்வரின் உண்மையான நெட்வொர்க் முகவரி, எடுத்துக்காட்டாக 192.168.10.5. அடுத்து முழுப்பெயர், ஃபைல்1.கார்ப்.எக்ஸாம்பிள்.காம். கடைசியில் குறும்பெயர், ஃபைல்1. இந்த வரிசை முக்கியம். முகவரிக்கு அடுத்து முதலில் வரும் பெயரையே இயங்குதளம் முறையான பெயராக எடுத்துக்கொள்கிறது, மற்றவை மாற்றுப்பெயர்கள். குறும்பெயரை முன்னால் எழுதி முழுப்பெயரைப் பின்னால் எழுதினால் கோப்பைப் பார்க்கும் மனிதக் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், சாம்பாவுக்குப் புள்ளி கிடைக்காது. லோக்கல்ஹோஸ்ட் வரியில் சர்வரின் சொந்தப் பெயரையும் சேர்த்து எழுதுவது இன்னொரு பழைய பழக்கம். அப்படிச் செய்தால் உண்மையான பெயருக்குப் பதில் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரே கெர்பராஸுக்குப் போய்ச் சேரலாம் என்று சாம்பாவே தனியாக ஓர் எச்சரிக்கை தருவதுண்டு.

திருத்திய பிறகு, ஹோஸ்ட்நேம் கட்டளையை எஃப் என்ற விருப்பத்தோடு கொடுத்துப் பாருங்கள். முழுப்பெயர் வந்தால் போதும். டொமைனில் மறுபடி சேர்க்கத் தேவையே இல்லை. நின்றுபோனது டிஎன்எஸ் பதிவு மட்டும்தானே? 'நெட் ஆட்ஸ் டிஎன்எஸ் ரெஜிஸ்டர்' என்ற கட்டளையைக் கணினிக் கணக்கின் பெயரில் ஓட்டினால் அந்த ஒரு வேலை மட்டும் நடக்கும்.

முழுப்பெயர் சரியாக இருந்தும் பதிவு மறுக்கப்படுகிறது என்றால் கதை வேறு. ஆக்டிவ் டைரக்டரியின் டிஎன்எஸ் வழக்கமாகப் பாதுகாப்பான புதுப்பிப்பை மட்டுமே ஏற்கும். ஒரு பதிவை மாற்ற அதன் உரிமையாளருக்கோ தனி அனுமதி உள்ளவருக்கோதான் முடியும். அதே பெயரில் யாரோ முன்பே கையால் ஒரு பதிவை எழுதியிருந்தாலோ, பழைய சர்வர் ஒன்று விட்டுப்போன பதிவு அங்கேயே கிடந்தாலோ, புதிய கணினிக் கணக்கால் அதைத் தொட முடியாது. லினக்ஸ் பக்கம் என்ன செய்தாலும் இது தீராது. டிஎன்எஸ்ஸை நிர்வகிப்பவர் பழைய பதிவை நீக்க வேண்டும். கையால் எழுதிய பதிவு சரியான முகவரியைத்தான் காட்டுகிறது என்றால் எதையும் நீக்க வேண்டாம். சேர்க்கும்போதே டிஎன்எஸ் புதுப்பிப்பு வேண்டாம் என்று விருப்பம் கொடுத்துவிடலாம்.

எச்சரிக்கையே வராமல் இதே இடத்தில் வரும் கோளாறு ஒன்று உண்டு, அது இன்னும் மோசம். சர்வரில் டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருள் இருந்தால் அதன் உள் பாலத்துக்கு 172.17.0.1 என்ற முகவரி இயல்பாக இருக்கும். சாம்பா தன்னிடம் உள்ள முகவரிகளைப் பதியும்போது அதையும் சேர்த்துப் பதிந்துவிடலாம். அதன் பிறகு சர்வரைத் தேடி வருபவர்களில் சிலருக்குச் சரியான முகவரி கிடைக்கும், சிலருக்கு எங்கும் போகாத முகவரி கிடைக்கும். எந்த நெட்வொர்க் இணைப்புகளைப் பயன்படுத்த வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் முன்கூட்டியே வரையறுத்துவிடுவதே நல்லது.

கன்ட்ரோலரைத் தேடும் படியிலும் டிஎன்எஸ்தான் அடிப்படை. சர்வர் கேள்வி கேட்கும் டிஎன்எஸ், டொமைனை அறிந்ததாக இருக்க வேண்டும். முதல் இடத்தில் டொமைன் கன்ட்ரோலரின் முகவரியையும், பாதுகாப்புக்கென்று இரண்டாம் இடத்தில் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ்ஸையும் கொடுப்பவர்கள் நிறையப் பேர். கன்ட்ரோலர் ஒரு கணம் பதில் சொல்லத் தாமதித்தால் கேள்வி பொது டிஎன்எஸ்ஸுக்குப் போகும். அது உங்கள் உள் டொமைனைப் பற்றி ஒன்றும் அறியாது, அப்படி ஒரு பெயரே இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடும். அவ்வப்போது வந்து தானாகவே மறையும் எச்சரிக்கைகளுக்கு நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான். இரண்டாவது டிஎன்எஸ் வேண்டுமானால் இரண்டாவது கன்ட்ரோலரின் முகவரியைக் கொடுங்கள்.

டொமைனின் பெயர் டாட் லோக்கல் என்று முடிந்தால் இன்னொன்றையும் பாருங்கள். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தரநிலை ஆவணம் அந்த முடிவை, டிஎன்எஸ் சர்வர் இல்லாமல் உள் நெட்வொர்க்கிலேயே பெயர் தேடும் மல்ட்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கென்று ஒதுக்கிவிட்டது. பல லினக்ஸ் வகைகளில், பெயர்களை எங்கெங்கே எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பின் ஹோஸ்ட்ஸ் வரி, அந்தப் பெயர்களை வழக்கமான டிஎன்எஸ்ஸுக்குக் கொண்டுபோகாமலே நிறுத்திவிடும். அந்த வரியில் டிஎன்எஸ்ஸை முன்னால் கொண்டுவர வேண்டும்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கெர்பராஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் டிக்கெட் கிடையாது. 'நெட் ஆட்ஸ் இன்ஃபோ' கட்டளை கன்ட்ரோலரின் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நொடிகளில் காட்டும். மெய்நிகர் கணினிகளில் நேரத்தை அடிப்படை அமைப்பு ஒரு பக்கம், என்டிபி என்ற நேர ஒத்திசைவுச் சேவை இன்னொரு பக்கம் திருத்திக்கொண்டிருந்தால் கடிகாரம் நிலைகொள்ளாது. ஒன்றை நிறுத்துங்கள்.

டெஸ்ட்பார்ம் சொல்பவை

சாம்பாவின் அமைப்புக் கோப்பைச் சோதிக்கும் கருவி டெஸ்ட்பார்ம். சேர்ப்பதற்கு முன்னாலேயே இதை ஓட்டுவது நல்லது, ஏனென்றால் அமைப்பு தொடர்பான எச்சரிக்கைகள் பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும். ஆனால் இதில் சத்தமாக வருவது வேறு, முக்கியமாக இருப்பது வேறு.

திறந்து வைக்கக்கூடிய கோப்புகளின் வரம்பை 1024-லிருந்து 16384-க்கு உயர்த்துவதாக ஒரு வரி பலருக்கும் வரும். விண்டோஸ் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச வரம்பு 16384, அதனால் சாம்பா தானே உயர்த்திக்கொள்கிறது. நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. வலுவில்லாத குறியாக்கம் அனுமதிக்கப்பட்டுள்ளது என்ற வரியும் அப்படியே. என்டிஎல்எம் போன்ற பழைய அடையாளச் சோதனை முறைகளுக்குக் குறியாக்க நூலகம் இடம் தருகிறது என்று தெரிவிக்கும் தகவல் அது, டொமைனில் சேர்வதை அது தடுக்காது. ஓர் அமைப்பு வழக்கொழிந்துவிட்டது என்ற எச்சரிக்கை வந்தால், இன்றைக்கு வேலை செய்யும், வருங்காலப் பதிப்பில் நின்றுவிடலாம் என்று பொருள். சமயம் கிடைக்கும்போது அந்த வரியை எடுத்துவிடலாம்.

விடக்கூடாதது, தெரியாத அமைப்பை ஒதுக்கிவிட்டுத் தொடர்கிறேன் என்ற எச்சரிக்கை. பார்க்கச் சாதுவாக இருக்கும். உண்மையில் நீங்கள் எழுதிய ஒரு வரியைச் சாம்பா படிக்கவே இல்லை என்று சொல்கிறது. ஓர் எழுத்துப்பிழை போதும், அந்த அமைப்புக்கு இயல்பான மதிப்பே நடைமுறைக்கு வரும். யாரை உள்ளே விடலாம் என்று கட்டுப்படுத்தும் வரியில் அந்தப் பிழை இருந்தால், கட்டுப்பாடு எழுதியதாக நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள், சர்வரில் அது இருக்காது.

ஆக்டிவ் டைரக்டரி முறையோடு பாஸ்வேர்ட் சர்வர் என்ற அமைப்பைச் சேர்த்து எழுதாதே என்ற எச்சரிக்கைக்கும் நல்ல காரணம் இருக்கிறது. அந்த அமைப்பில் ஒரு கன்ட்ரோலரின் பெயரை எழுதிவிட்டால், சாம்பா டிஎன்எஸ் வழியாகத் தேடாமல் அதையே பிடித்துக்கொள்ளும். அந்தக் கன்ட்ரோலரை ஒருநாள் பராமரிப்புக்காக நிறுத்தும்போது, மற்ற கன்ட்ரோலர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் இந்தச் சர்வர் மட்டும் தவிக்கும். அந்த வரியை நீக்குவதே சரி. டிஎன்எஸ் சரியாக இல்லாததால்தான் அதை எழுதினீர்கள் என்றால், சரிசெய்ய வேண்டியது டிஎன்எஸ்.

சர்வரின் நெட்பயாஸ் பெயர் 15 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. அந்தப் பெயருக்கான இடம் 16 பைட்டுகள், கடைசி பைட் சேவையின் வகையைக் குறிக்க ஒதுக்கப்பட்டது. மெய்நிகர் கணினிகளுக்கு நீளநீளமாகப் பெயர் வைக்கும் பழக்கம் உள்ள இடங்களில் இது அடிக்கடி இடிக்கிறது. இரண்டு சர்வர்களின் பெயர்கள் 15-ஆவது எழுத்து வரை ஒன்றாக இருந்து அதற்குப் பிறகுதான் வேறுபட்டால், வெட்டப்பட்ட பெயர் இரண்டுக்கும் ஒன்றாகிவிடும். டொமைனின் குறும்பெயரும் சர்வரின் பெயரும் ஒன்றாக இருக்கக்கூடாது என்ற எச்சரிக்கையையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, டெஸ்ட்பார்ம் சர்வரின் பங்கு என்ன என்று ஒரு வரி சொல்லும். அதில் டொமைன் உறுப்பினர் என்று இருக்க வேண்டும். தனித்து இயங்கும் சர்வர் என்று இருந்தால், செக்யூரிட்டி என்ற அமைப்பை ஆட்ஸ் என்று எழுத மறந்திருக்கிறீர்கள். அந்த நிலையில் சேர்க்க முயல்வது வீண்.

எண் வரம்புகள்

எல்லா எச்சரிக்கைகளிலும் நான் அதிகம் அஞ்சுவது எண் ஒதுக்கீடு பற்றியதற்குத்தான். சேர்ந்த அன்று இது எந்தத் தொல்லையும் தராது. மாதங்கள் கழித்து, கோப்புகளின் உரிமையாளர் மாறித் தெரியும்போதுதான் தெரியவரும்.

விண்டோஸ் உலகில் பயனர் ஒவ்வொருவருக்கும் எஸ்ஐடி என்ற நீண்ட அடையாளம் உண்டு. அதன் கடைசிப் பகுதி ஆர்ஐடி, டொமைனுக்குள் அந்தப் பயனருக்கு மட்டும் உரிய எண். லினக்ஸுக்கு எஸ்ஐடி புரியாது. அதற்கு வெறும் எண்கள் வேண்டும். கோப்பை வட்டில் எழுதும்போது உரிமையாளராகப் பதிவாவதும் அந்த எண்தான், பெயர் அல்ல. ஆகவே எந்த எஸ்ஐடிக்கு எந்த எண் என்று விண்பைண்ட் முடிவு செய்ய வேண்டும். அதற்கான விதியை அமைப்புக் கோப்பில் ஐடிமேப் வரிகளாக எழுதுகிறோம்.

2017-இல் சாம்பா 4.6 வந்தபோது அதன் வெளியீட்டுக் குறிப்பில், பெரும்பாலான பயனர்களின் எண் ஒதுக்கீட்டு அமைப்பு தவறாகவோ செல்லாததாகவோ இருப்பதைக் கண்டதாக உருவாக்குநர்களே எழுதினார்கள். அதனால்தான் டெஸ்ட்பார்மில் இதற்கான சோதனைகளைச் சேர்த்தார்கள். இன்று நாம் பார்க்கும் எச்சரிக்கைகளில் பல அந்த முடிவிலிருந்து வந்தவை. பழைய அமைப்புக் கோப்பை அப்படியே புதிய சர்வருக்குக் கொண்டுவருபவர்களுக்கு இவை திடீரென்று முளைத்ததுபோலத் தோன்றும். தவறு முன்பும் இருந்தது, சொல்வதற்கு ஆள் இல்லை.

அடிக்கடி வருவது, நட்சத்திரக் குறியால் குறிக்கப்படும் இயல்பான டொமைனுக்கு எண் வரம்பு இல்லை என்ற செய்தி. எங்கள் டொமைனுக்கு வரம்பு எழுதிவிட்டேனே, இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். பில்ட்இன் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் போன்ற சில குழுக்கள் எந்த டொமைனையும் சேராதவை, ஆனாலும் அவற்றுக்கும் எண் வேண்டும். அவை இந்த நட்சத்திர வரம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்கு டிடிபி போன்ற, புதிய ஒதுக்கீட்டை எழுதி வைக்கக்கூடிய முறை வேண்டும். ஆர்ஐடி முறையையோ ஏடி முறையையோ நட்சத்திரத்துக்குப் போட்டால் டெஸ்ட்பார்ம் அதைப் பிழையாகவே காட்டும்.

ஆர்ஐடி முறை எப்படி எண் தருகிறது என்று பார்த்தால் வரம்பின் முக்கியத்துவம் விளங்கும். டொமைனுக்கு 10000 முதல் 999999 வரை வரம்பு கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயனரின் ஆர்ஐடி 1105. வரம்பின் தொடக்கத்தோடு அதைக் கூட்டினால் 11105. லினக்ஸில் அவருடைய எண் அதுதான். டொமைன் யூசர்ஸ் குழுவின் ஆர்ஐடி எல்லா டொமைனிலும் 513, ஆக அதன் எண் 10513. எங்கும் சேமித்து வைக்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டாலே வந்துவிடும். அதனால் ஒரே வரம்பு எழுதிய எல்லாச் சர்வர்களிலும் ஒரே எண் வரும்.

இப்போது இன்னொரு நிர்வாகி, இரண்டாவது சர்வரில் வரம்பை 20000-இலிருந்து தொடங்குகிறார். அங்கே அதே பயனர் 21105. முதல் சர்வரிலிருந்து காப்புப்பிரதி எடுத்து இரண்டாவதில் எண்களோடு மீட்டால், கோப்புகள் 11105-க்குச் சொந்தம். அந்தச் சர்வரில் அப்படி ஒருவரே இல்லை. வரம்புகள் வேறு விதமாக அமைந்திருந்தால் அந்த எண் முற்றிலும் வேறொரு பயனருக்குப் போயிருக்கும். அவருடைய கண்ணில் படக்கூடாத கோப்புகள் அவருக்கே சொந்தமாகிவிடும். இரண்டு வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்ற எச்சரிக்கையை நான் ஒருபோதும் ஒத்திவைக்காததற்குக் காரணம் இதுதான். நட்சத்திரத்துக்கு 3000 முதல் 7999 வரை, டொமைனுக்கு 10000-க்கு மேல் என்று இடைவெளி விட்டு எழுதினால், 1000-இல் தொடங்கும் உள்ளூர் லினக்ஸ் பயனர்களோடும் மோதல் வராது.

ஏடி முறை வேறு மாதிரி. அதில் எண்கள் டைரக்டரியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். சாம்பா 4.6-இலிருந்து, வேறு மாதிரி சொல்லாவிட்டால் பயனரின் விண்டோஸ் முதன்மைக் குழுவையே இது எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அது டொமைன் யூசர்ஸ். அந்தக் குழுவுக்கு ஜிஐடி என்ற குழு எண் கொடுக்க மறந்துவிட்டால், பயனர்களுக்கெல்லாம் ஒழுங்காக எண் இருந்தும் லினக்ஸில் ஒருவரும் தெரியமாட்டார்கள். சேர்க்கை சரி, எச்சரிக்கை இல்லை, ஆனால் ஆட்களைக் காணவில்லை என்றால் இதைப் பாருங்கள். எழுதப்பட்ட எண் வரம்புக்கு வெளியே இருந்தாலும் இதே விளைவுதான்.

வரம்பை மாற்றிய பிறகு 'நெட் கேஷ் ஃப்ளஷ்' கொடுத்து, விண்பைண்டை மறுபடி தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய எண்களே சிறிது காலம் பதிலாக வந்து, திருத்தம் பலிக்கவில்லை என்று நினைக்க வைக்கும். சர்வரில் ஏற்கெனவே கோப்புகள் சேர்ந்துவிட்டன என்றால் வரம்பை மாற்றுவது சிறிய வேலை இல்லை, எல்லாவற்றின் உரிமையையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும். முதல் கோப்பு வருவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

விண்டோஸ் சர்வராக இருந்தால்

விண்டோஸ் சர்வரைச் சேர்க்கும்போது படிகள் ஏறக்குறைய அவையே, தடயங்கள் கிடைக்கும் இடம்தான் வேறு. விண்டோஸ் கோப்புறைக்குள் டீபக் என்ற பகுதியில் நெட்செட்அப் என்ற லாக் கோப்பு இருக்கும். சேர்க்கையின் ஒவ்வொரு படியும் அதில் வரிசையாகப் பதிவாகிறது. திரையில் வரும் பெட்டியை விட அந்தக் கோப்பு நூறு மடங்கு தெளிவாகப் பேசும்.

டொமைன் இணைப்பைக் கவனிக்கும் நெட்லாகன் சேவை தரும் 5719 என்ற நிகழ்வு, கன்ட்ரோலரோடு பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்று சொல்கிறது. எப்போது வருகிறது என்று பாருங்கள். சர்வர் தொடங்கும்போது மட்டும் ஒரு முறை வந்துவிட்டு அப்புறம் வரவில்லை என்றால், நெட்வொர்க் தயாராவதற்கு முன்பே சேவை தொடங்கிவிட்டது என்று பொருள். நெட்வொர்க்கில் சுற்றுப் பாதை உருவாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ ஓடும் சுவிட்சில் போர்ட் உயிர்பெறவே 30 நொடி வரை ஆகலாம். நாள் முழுவதும் வந்துகொண்டிருந்தால் அது உண்மையான தொடர்புச் சிக்கல்.

2022 அக்டோபர் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு, டைரக்டரியில் அதே பெயரில் ஏற்கெனவே கணக்கு இருந்தால் அதை மறுபடி பயன்படுத்துவதை விண்டோஸ் தடுக்கக்கூடும். பிழை எண் 2732. பழைய கணக்கை உருவாக்கியவரே மறுபடி சேர்த்தாலோ, டொமைன் நிர்வாகி உருவாக்கிய கணக்காக இருந்தாலோ வழிவிடும். சர்வரைப் புதிதாக நிறுவி அதே பெயரில் சேர்ப்பவர்கள் இதில் சிக்குகிறார்கள். ஒரு பாதுகாப்புக் குறையை அடைப்பதற்காக வந்த தடை இது, ஆகவே சுற்றிப்போக வழி தேடாமல் சரியான கணக்கைக் கொண்டு சேர்ப்பதே முறை.

மறுபடி சேர்ப்பது எப்போது?

விலக்கிச் சேர்ப்பதால் வரும் சேதம் கண்ணுக்குத் தெரியாதது. சாம்பாவில் விலகும் கட்டளை இயல்பாகக் கணினிக் கணக்கையே நீக்கிவிடுகிறது. மறுபடி சேரும்போது உருவாவது புதிய கணக்கு, அதன் எஸ்ஐடியும் புதியது. பழைய கணக்குக்குத் தந்திருந்த குழு உறுப்புரிமைகளும் அனுமதிகளும் திரும்பி வராது. விலக்காமல் மேலேயே மறுபடி சேர்த்தால் கணக்கு இருக்கும், கடவுச்சொல் மாறிவிடும். வெப் சர்வர் போன்ற வேறு சேவைக்காக முன்பு தனியே எடுத்துக் கொடுத்த கீடேப் கோப்பு, அதாவது கணக்கின் கெர்பராஸ் சாவிகள் உள்ள கோப்பு, அந்த நொடியே செல்லாததாகிவிடும்.

ஆகவே முதலில் சேர்க்கை உண்மையில் நலமாக இருக்கிறதா என்று கேளுங்கள். 'நெட் ஆட்ஸ் டெஸ்ட்ஜாயின்' கணினிக் கணக்கைச் சோதிக்கும். 'டபிள்யூபிஇன்ஃபோ' கட்டளையை டி விருப்பத்தோடு கொடுத்தால் கன்ட்ரோலரோடு உள்ள நம்பிக்கை உறவைச் சோதிக்கும். இரண்டும் சரி என்றால் சேர்க்கையைத் தொட வேண்டாம். அடுத்து 'கெட்என்ட்' கட்டளையில் ஒரு டொமைன் பயனரின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். டபிள்யூபிஇன்ஃபோவுக்குத் தெரியும் பயனர் கெட்என்ட்டுக்குத் தெரியவில்லை என்றால், என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் விண்பைண்ட் இல்லை, அல்லது எண் ஒதுக்கீட்டில் கோளாறு. பட்டியலாகக் கேட்டு வெறுமையாக வந்தால் பயப்பட வேண்டாம். இயல்பாக விண்பைண்ட் எல்லாரையும் பட்டியலிடாது, பெயர் சொல்லிக் கேட்டால்தான் சொல்லும்.

நம்பிக்கைச் சோதனையே தோற்றால்தான் மறுபடி சேர்ப்பதற்கு நியாயம் வருகிறது. அதற்கு வழக்கமான காரணம் மெய்நிகர் கணினியைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு எடுத்து வைத்த நிலைப்பிரதிக்கு, திருப்புவது. கணினிக் கணக்கின் கடவுச்சொல் தானாக மாறிக்கொண்டே இருக்கும், விண்டோஸில் இயல்பாக 30 நாளுக்கு ஒரு முறை, சாம்பாவில் 7 நாளுக்கு ஒரு முறை. பழைய ஸ்னாப்ஷாட்டில் பழைய கடவுச்சொல்தான் இருக்கும், டைரக்டரியில் புதியது இருக்கும். விண்டோஸில் இதற்கும்கூட டொமைனை விட்டு வெளியேறத் தேவையில்லை. பவர்ஷெல்லில் பாதுகாப்பான இணைப்பைச் சோதிக்கும் டெஸ்ட் கம்ப்யூட்டர் செக்யூர் சேனல் கட்டளையையே ரிப்பேர் விருப்பத்தோடு கொடுத்தால் கடவுச்சொல்லை மறுபடி ஒத்திசைத்துவிடும். சாம்பாவில், விலகும் கட்டளையைக் கொடுக்காமல் நேரடியாகச் சேரும் கட்டளையை மட்டும் மறுபடி கொடுங்கள். கணக்கும் எஸ்ஐடியும் அப்படியே இருக்கும். பிறகு அந்தச் சர்வரில் தனியே எடுத்து வைத்த கீடேப் கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி, ஒவ்வொன்றையும் புதிதாக எடுத்து வைத்துவிட்டு, அவற்றை நம்பியிருக்கும் சேவைகளை மறுபடி தொடங்குங்கள்.